‘தெரியாது’ என்பதும் துப்புதான்

2015 ஏப்ரல் 10 அன்று சிங்கப்பூர்த் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கென்னத் கோங் தம் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு கணக்குத் தாளின் படத்தைப் போட்டார். பத்துத் தேதிகள், மூன்று வரி உரையாடல், கடைசியில் ஒரு கேள்வி. தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் பிள்ளைக்கு வந்த கணக்கு என்று முதலில் பரவியதால் பெற்றோர் பலர் ஆடிப்போனார்கள். பத்து வயதுப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் பெரியவர்களே திணறினால் துணைப்பாட வகுப்புக்காரர்களுக்குத்தானே கொண்டாட்டம்! பிறகு போட்டியை நடத்தியவர்கள் விளக்கினார்கள். அது சிங்கப்பூர், ஆசியப் பள்ளிகள் கணித ஒலிம்பியாட்டில் உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்களுக்கு வைத்த 25 வினாக்களில் 24ஆவது. கெட்டிக்காரர்களுக்குள்ளும் கெட்டிக்காரர்களைப் பிரித்தெடுக்க வைத்தது. உருவாக்கியவர் தேசியக் கல்விக் கழகத்தின் முனைவர் ஜோசப் யோ. கணக்கு லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போய், அங்கிருந்த நாளேடுகளும் விடையைப் படிப்படியாக அச்சிட்டன.

புதிர் இதுதான். செரில் தன் பிறந்தநாளை ஆல்பர்ட்டிடமும் பெர்னார்டிடமும் நேராகச் சொல்லாமல் பத்துத் தேதிகளை நீட்டுகிறாள்: மே 15, 16, 19, ஜூன் 17, 18, ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. பிறகு ஆல்பர்ட்டின் காதில் மாதத்தை மட்டும் சொல்கிறாள், பெர்னார்டின் காதில் நாளை மட்டும் சொல்கிறாள். ஆல்பர்ட் வாயைத் திறக்கிறான்: தனக்குப் பிறந்தநாள் தெரியாது, ஆனால் பெர்னார்டுக்கும் தெரியாது என்பது தனக்குத் தெரியும் என்கிறான். முதலில் தெரியாமல்தான் இருந்தது, இப்போது தெரிந்துவிட்டது என்கிறான் பெர்னார்ட். அப்படியென்றால் எனக்கும் தெரிந்துவிட்டது என்கிறான் ஆல்பர்ட். கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு மாதமும் தெரியாது, நாளும் தெரியாது. ஆனாலும் நாம் தேதியைச் சொல்லியாக வேண்டும். முதல் பார்வைக்கு இது ஏமாற்று வேலையாகத்தான் தோன்றும். மூன்று வாக்கியங்களிலும் பேசுகிறவர்கள் தங்கள் அறிவையும் அறியாமையையும் பற்றித்தான் பேசுகிறார்கள். செரிலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதிலிருந்து தேதி எப்படி வரும்? வரும் என்பது மட்டுமல்ல, எல்லாத் தருக்கப் புதிர்களிலும் விடை வருகிற வழியே அதுதான் என்பது என் வாதம். ஒரு துப்பை அது தருகிற செய்தியை வைத்து எடைபோடக் கூடாது. அது எத்தனை சாத்தியங்களைத் துடைத்துப் போடுகிறது என்பதை வைத்து எடைபோட வேண்டும். அந்தத் தராசில் ‘எனக்குத் தெரியாது’ சில நேரம் வேறெந்தச் செய்தியையும்விடக் கனக்கும்.

முதலில் ஒரு சாதாரணக் கட்டப் புதிரைப் போட்டுப் பார்க்கலாம். லிட்டில் இந்தியாவில் நான்கு கடைகள்: பூக்கடை, நகைக்கடை, புடவைக்கடை, மளிகைக்கடை. நான்கு தெருக்கள்: பஃபலோ சாலை, சிராங்கூன் சாலை, கேம்பல் லேன், டன்லப் ஸ்ட்ரீட். தெருவுக்கு ஒரே ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். (தீபாவளி நேரத்தில் அந்தப் பக்கம் போய்வந்தவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கவும்.) கடைகளை இடமிருந்து வலமாகவும் தெருக்களை மேலிருந்து கீழாகவும் எழுதினால் பதினாறு கட்டங்கள். நான்கு கடைகளை நான்கு தெருக்களில் அமர்த்த 24 வழிகள் உண்டு. துப்பு மூன்று. ஒன்று, பூக்கடையும் நகைக்கடையும் கேம்பல் லேனில் இல்லை, டன்லப் ஸ்ட்ரீட்டிலும் இல்லை. இரண்டு, நகைக்கடை பஃபலோ சாலையில் இல்லை. மூன்று, புடவைக்கடை டன்லப் ஸ்ட்ரீட்டில் இல்லை. முதல் துப்புக்கு நான்கு கட்டங்களில் பெருக்கல் குறி போடுகிறோம். உடனே அந்த இரண்டு கடைகளும் பஃபலோ சாலையையும் சிராங்கூன் சாலையையும் எடுத்துக்கொள்கின்றன. மிச்சக் கடைகளுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. 24 வழிகள் நான்காகச் சுருங்கின. இரண்டாவது துப்பு நகைக்கடையைச் சிராங்கூன் சாலைக்கும் பூக்கடையைப் பஃபலோ சாலைக்கும் அனுப்புகிறது. மிஞ்சுவது இரண்டு வழி. மூன்றாவது துப்பில் புடவைக்கடை கேம்பல் லேனில் உட்கார்ந்துவிட, மளிகைக்கடைக்கு டன்லப் ஸ்ட்ரீட். மூன்று துப்புகளும் ‘இல்லை’ என்றே முடிந்தன. எந்தக் கடை எங்கே இருக்கிறது என்று ஒருவரும் நமக்குச் சொல்லவில்லை. இன்னும் வேடிக்கை, மளிகைக்கடையின் பெயரே எந்தத் துப்பிலும் வரவில்லை. ஆனாலும் அதன் முகவரி நம் கையில் இருக்கிறது.

இந்த வகைப் புதிர்களில் உலகப் புகழ்பெற்றது 1962 டிசம்பர் 17 தேதியிட்ட ‘லைஃப் இன்டர்நேஷனல்’ இதழில் வந்த வரிக்குதிரைப் புதிர். ஐன்ஸ்டைன் சிறுவயதில் உருவாக்கியது என்று ஒரு கதை உண்டு; அதற்கு ஆதாரம் கிடையாது. ஐந்து வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு நாட்டுக்காரர், ஒரு பானம், ஒரு சிகரெட், ஒரு வளர்ப்பு விலங்கு. வைத்துப் பார்க்கக்கூடிய வழிகள் ஏறக்குறைய 2,488 கோடி. வினாடிக்கு ஒன்றாகச் சரிபார்க்க உட்கார்ந்தால் 788 ஆண்டுகள் ஆகும். பதினைந்து துப்புகள் அத்தனையையும் ஒன்றாக்கிவிடுகின்றன. தண்ணீர் குடிப்பவர் யார், வரிக்குதிரை வளர்ப்பவர் யார் என்பது கேள்வி. தண்ணீரோ வரிக்குதிரையோ எந்தத் துப்பிலும் தலைகாட்டுவதில்லை, நம் மளிகைக்கடை மாதிரியே.

இந்தப் பார்வையோடு செரிலிடம் வருவோம். நான்கு மாதங்களை ஒரு பக்கமும் 14 முதல் 19 வரையிலான ஆறு நாட்களை மறுபக்கமும் எழுதினால் 24 கட்டங்கள். அவற்றில் பத்தில் மட்டும் தேதி இருக்கிறது. ஆல்பர்ட்டின் வாக்கியத்தில் இரண்டு பாதிகள் உண்டு. ‘எனக்குத் தெரியாது’ என்ற முன்பாதி வெறும் உமி. ஒவ்வொரு மாதத்திலும் குறைந்தது இரண்டு தேதிகள் இருப்பதால் மாதத்தை மட்டும் கேட்டவனுக்கு எப்படியும் தெரியாது; அவன் சொல்லாமலே நமக்கு அது தெரியும். பின்பாதிதான் அரிசி. பெர்னார்ட் நாளை மட்டும் கேட்டவுடன் பிறந்தநாளைச் சொல்லிவிடக்கூடிய வாய்ப்பு இரண்டு இடத்தில் இருந்தது: 18 என்றால் ஜூன், 19 என்றால் மே, அந்த எண்கள் பட்டியலில் ஒரே ஒரு முறைதான் வருகின்றன. பெர்னார்டுக்குத் தெரியவே தெரியாது என்று ஆல்பர்ட் அடித்துச் சொல்ல வேண்டுமானால் அவன் கையில் உள்ள மாதத்தில் 18-ம் 19-ம் இருக்கவே கூடாது. ஆகவே மே, ஜூன் இரண்டும் முழுதாகப் போயின. பத்தில் ஐந்து மிச்சம்: ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. இதை நம்மைப் போலவே பெர்னார்டும் கணக்குப் போடுகிறான். இப்போது தெரிந்துவிட்டது என்கிறான். அவன் கையில் 14 இருந்திருந்தால் ஜூலையா ஆகஸ்டா என்று இன்னும் விழித்துக்கொண்டிருப்பான். 14 போயிற்று, மூன்று மிச்சம். எனக்கும் தெரிந்துவிட்டது என்று ஆல்பர்ட் சொல்கிறான். அவன் மாதம் ஆகஸ்ட் என்றால் 15, 17 என்று இரண்டு மிஞ்சியிருக்கும், சொல்லியிருக்க முடியாது. எனவே ஜூலை 16. பத்து ஐந்தாகி, ஐந்து மூன்றாகி, மூன்று ஒன்றானது.

இணையம் முழுக்க ஒரு கூட்டம் இந்த விடையை ஏற்கவில்லை. ஆகஸ்ட் 17தான் சரி என்று அவர்கள் வாதிட்டார்கள். போட்டிக்காரர்களும் அதற்குத் தனியே விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் வழியையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அது சோம்பேறித்தனமான தவறன்று. பெர்னார்டுக்குத் தெரியாது என்பதை அவர்கள் ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டார்கள். தெரியாது என்றால் நாள் 18-ம் இல்லை, 19-ம் இல்லை. ஆகவே ஜூன் 18, மே 19 என்ற இரண்டு தேதிகளை மட்டும் அடித்தார்கள். பத்தில் எட்டு நின்றது. ஜூனில் 17 மட்டும் தனியாக நிற்கிறது. மாதம் ஜூன் என்றால் ஆல்பர்ட்டுக்கே தெரிந்திருக்குமே, தெரியாது என்கிறானே, ஆகவே ஜூன் 17-ம் போயிற்று. மிச்சமுள்ள ஏழில் 14, 15, 16 ஆகியவை இரண்டிரண்டு மாதங்களில் வருகின்றன. 17 மட்டும் ஆகஸ்டில் தனியாக இருக்கிறது. பெர்னார்டுக்கு இப்போது தெரிந்துவிட்டது என்றால் ஆகஸ்ட் 17தான். ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருக்கிறது. கோளாறு தொடக்கத்தில். பெர்னார்டுக்குத் தெரியாது என்ற செய்தி ஆல்பர்ட்டுக்கு எங்கிருந்து வந்தது? பெர்னார்ட் இன்னும் வாயைத் திறக்கவில்லை. செரிலும் அதைச் சொல்லவில்லை. ஆல்பர்ட்டிடம் இருப்பது மாதத்தின் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயரை வைத்தே அவன் அதை உறுதியாகச் சொல்கிறான் என்றால், அந்த உறுதி அவன் மாதத்தைக் காட்டிக்கொடுக்கிறது. யாரோ அவனிடம் வந்து பெர்னார்டுக்குத் தெரியாதாம் என்று சொல்லியிருந்தால் அவன் மாதத்தைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியவந்திருக்காது.

ஆகஸ்ட் 17 ஒரு விதத்தில் சரியான விடையும்கூட, வேறொரு புதிருக்கு. உரையாடலைப் பெர்னார்ட் தொடங்கட்டும். எனக்குத் தெரியாது என்கிறான். எனக்கும் தெரியாது என்கிறான் ஆல்பர்ட். இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது என்கிறான் பெர்னார்ட். அப்படியே எனக்கும் என்கிறான் ஆல்பர்ட். இந்த வரிசையில் படித்தால் மேலே சொன்ன அத்தனை படிகளும் பிசிறில்லாமல் பொருந்தி, ஆகஸ்ட் 17 ஒன்றே மிஞ்சும். அதே பத்துத் தேதிகள், அதே இரண்டு பையன்கள், ஏறக்குறைய அதே சொற்கள். யார் முதலில் பேசினார், எதை வைத்துப் பேசினார் என்பது மட்டும் மாறியது, பிறந்தநாள் ஒரு மாதம் தள்ளிப் போய்விட்டது. துப்பு என்பது வாக்கியத்துக்குள் அடைபட்ட பொருளாக இருந்தால் இப்படி நடக்காது. சொன்னவருக்கு அதைச் சொல்ல எந்த வழி திறந்திருந்தது என்று கேட்ட பிறகுதான் எவற்றை அடிக்கலாம் என்பது தெரிகிறது.

பேசாமல் இருப்பதும் துப்பாகும் என்பதற்கு இதைவிடப் பழைய எடுத்துக்காட்டு, ராமானுஜனின் முதல் கடிதத்தை 1913இல் ஹார்டியோடு உட்கார்ந்து படித்த கணித அறிஞர் லிட்டில்வுட் எழுதியது. 1953இல் வந்த அவருடைய புத்தகத்தில் மூன்று பெண்கள் ஒரு ரயில்பெட்டியில் போகிறார்கள். மூவர் முகத்திலும் கரி. ஒவ்வொருவரும் மற்ற இருவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், தன் முகத்தை மட்டும் அறியாமல். திடீரென்று ஒருத்திக்கு உறைக்கிறது: என் முகம் சுத்தமாக இருந்தால், மூன்றாமவள் சிரிப்பது தன்னைப் பார்த்துத்தான் என்று இரண்டாமவளுக்கு இந்நேரம் புரிந்திருக்கும், சிரிப்பை நிறுத்தியிருப்பாள், நிறுத்தவில்லை, ஆகவே என் முகத்திலும் கரி இருக்கிறது. யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தவளுக்கு இன்னும் தெரியவில்லை என்பதே இவளுக்குக் கண்ணாடி ஆகிவிட்டது.

இப்படி ‘அவருக்குத் தெரியும் என்று இவருக்குத் தெரியும்’ என அடுக்கடுக்காகப் போகிற பேச்சைக் கணிதமாக்க முடியும் என்று காட்டியவர்களில் முன்னோடி ஃபின்லாந்துத் தத்துவ அறிஞர் யாக்கோ ஹிந்திக்கா. வரிக்குதிரைப் புதிர் அச்சான அதே 1962இல் அவருடைய நூலும் வெளிவந்தது. எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும் என்று முடிவில்லாமல் நீளும் பொது அறிவுக்கு 1976இல் கணித வரையறை கொடுத்த ராபர்ட் ஆமன், பின்னாளில், 2005இல், பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1989இல் தருக்க ஆய்வாளர் யான் பிளாசா, ஒருவர் எல்லோர் முன்னாலும் ஒன்றைச் சொல்லும்போது அறிவு எப்படி மாறுகிறது என்பதற்கே ஒரு தருக்கம் அமைத்தார். அதன் சாரம் மிக எளிது: சபையில் சொன்ன உண்மை ஒன்று, அதற்கு ஒத்துவராத உலகங்களை எல்லோர் மனத்திலிருந்தும் ஒரே நேரத்தில் அழிக்கிறது. ‘ஒரே நேரத்தில்’ என்பதுதான் செரில் புதிரின் உயிர். ஆல்பர்ட் தன் வாக்கியத்தைப் பெர்னார்டின் காதில் படாமல் முணுமுணுத்திருந்தால் இரண்டாவது வாக்கியம் பிறந்தே இருக்காது. 2017இல் ஜோசப் யோ, இந்தத் துறை ஆய்வாளர்களான ஹான்ஸ் வான் டிட்மார்ஷ், பார்டெல்ட் கோய் முதலியோரோடு சேர்ந்து ‘செரிலின் பிறந்தநாள்’ என்றே தலைப்பிட்ட கட்டுரையை எழுதினார். பள்ளிப் போட்டி வினாத்தாளின் 24ஆவது கேள்வி ஆய்வு மாநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதற்கெல்லாம் இத்தனை தத்துவம் தேவையா, கணினியிடம் கொடுத்தால் நொடியில் போட்டுவிடாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, இதே ஊரில் இதே சமயத்தில் அதற்கும் ஒரு சான்று கிடைத்தது. செரில் பரபரப்பு அடங்குமுன், 2015 ஏப்ரல் 20 அன்று அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் ஒரு கூட்டத்தில், தாம் கடைசியாக எழுதிய நிரல் சுடோகு தீர்க்கும் சி++ நிரல் என்று சொன்னார். மே 4 அன்று அதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார். ராமானுஜனும் லிட்டில்வுட்டும் இருந்த அதே டிரினிட்டி கல்லூரியில் கணிதம் படித்தவர் என்பதால் இதில் வியப்பில்லை. ஆனால் அந்த நிரல் வேலைசெய்யும் விதம் கவனிக்கத்தக்கது. 81 கட்டங்களில் ஒன்றைத் தேர்ந்து ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கும். முட்டினால் பின்வாங்கி வேறு எண்ணைப் போடும். அடுத்து எந்தக் கட்டத்தைத் தொடுவது? சாத்தியங்கள் எங்கே மிகக் குறைவோ அந்தக் கட்டத்தை. அதாவது இயந்திரமும் முதலில் பார்ப்பது எத்தனை அடிபட்டுப் போயின என்பதைத்தான். அதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் முயன்றால் எவ்வளவு வேகமான கணினியும் திணறும்: நிரப்பி முடித்த சுடோகு கட்டங்கள் மொத்தம் எத்தனை என்று எண்ணினால் 22 இலக்கங்கள் வரும். அத்தனையிலிருந்தும் ஒன்றைப் பிரித்தெடுக்கச் சில புதிர்களில் வெறும் 17 எண்கள் போதும். 16 ஒருபோதும் போதாது என்று 2012இல் டப்ளின் ஆய்வாளர் கேரி மெக்வயரின் குழு கணினிகளை மாதக்கணக்கில் ஓடவிட்டுக் காட்டியது.

செரில் புதிருக்கும் நிரல் உண்டு. புகழ்பெற்ற கணினி அறிஞர் பீட்டர் நார்விக் பைத்தானில் எழுதியிருக்கிறார். சுடோகுவில் ஓர் எண் இன்னோர் எண்ணைத் தடுக்கிறது, அத்தோடு சரி. இங்கே ஒவ்வொரு தேதிக்கும் நிரல் கேட்க வேண்டியது வேறு: பிறந்தநாள் இதுவாக இருந்தால் ஆல்பர்ட்டிடம் என்ன சொல்லியிருப்பார்கள், அதைக் கேட்டவன் எந்தெந்தத் தேதிகளை நினைத்திருப்பான், அவற்றில் ஒவ்வொன்றிலும் பெர்னார்ட் எதை நினைத்திருப்பான்? வேகமான இயந்திரம் இந்தக் கேள்விகளை விரைவாகக் கேட்கும். ஆனால் இவற்றைத்தான் கேட்க வேண்டும் என்று யாராவது முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். ஆகஸ்ட் 17 என்றவர்கள் தங்கள் வழியை நிரலாக எழுதியிருந்தால் கணினி தயங்காமல் ஆகஸ்ட் 17 என்றே அச்சிட்டிருக்கும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. உலகத்தில் யாரும் ஆல்பர்ட்டைப் போலப் பேசுவதில்லை. அடுத்தவர் ஒரு படிகூடத் தவறாமல் சிந்திப்பார் என்று யாரும் நம்புவதும் இல்லை. புதிரில் தேறியவர் வாழ்க்கையிலும் தேறுவார் என்பதற்கும் உறுதி கிடையாது. இதில் பெரும்பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் எழுதிய நான்கு அட்டைச் சோதனை நாம் விலக்கிச் சிந்திப்பதில் எவ்வளவு மோசம் என்று காட்டியது. ஒரு பக்கம் எழுத்தும் மறுபக்கம் எண்ணும் உள்ள அட்டைகளைக் காட்டி, ஒரு விதி உடைகிறதா என்று பார்க்க எவற்றைத் திருப்ப வேண்டும் என்று கேட்டால் பத்தில் ஒருவர் தேறுவதே அரிது. ஆனால் 1982இல் கிரிக்ஸும் காக்ஸும் அதே சோதனைக்கு மதுவும் வயதும் என்ற உடையைப் போட்டவுடன் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொன்னார்கள். நம்மூருக்கு மாற்றிச் சொன்னால்: 18 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில் நான்கு பேர் நிற்கிறார்கள். ஒருவர் கையில் பீர், ஒருவர் கையில் மாம்பழச் சாறு, ஒருவருக்கு ஐம்பது வயது, ஒருவன் உயர்நிலைப் பள்ளிச் சீருடையில் இருக்கும் பதினைந்து வயதுப் பையன். பின்னிருவர் வாங்கியது பையில் மறைந்திருக்கிறது. யாரைச் சோதிப்பீர்கள்? பீர்க்காரரின் வயதையும் பையனின் பையையும். மாம்பழச் சாறுக்காரரைத் தொட வேண்டியதில்லை என்பது யாரும் சொல்லித்தராமலே புரிகிறது. எழுத்தும் எண்ணுமாக அதே கேள்வி வந்தபோதுதான் தடுமாறினோம்.

ஆகவே செரில் புதிர் போட்டுப் பழகினால் மூளை எல்லாத் துறையிலும் கூர்மையாகும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லித் துணைப்பாட வகுப்புக்கு ஆள் சேர்ப்பவர்கள் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறார்கள். என் வாதம் துப்பின் இயல்பு பற்றியது. அதற்கு ஆல்பர்ட்டைப் போன்ற பிழையற்ற சிந்தனையாளர் ஊரில் ஒருவர்கூடத் தேவையில்லை. கட்டத்தை நிரப்ப உட்காருகிற ஒரே ஓர் ஆள் போதும்.

அப்படி ஒரு கட்டம் இந்த ஊர்க்காரர் ஒவ்வொருவரின் பணப்பையிலும் இருக்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல் சட்டத் தேவையோ ஆளைத் துல்லியமாக உறுதிசெய்யும் தேவையோ இல்லாமல் அடையாள அட்டையின் முழு எண்ணை நிறுவனங்கள் கேட்கக் கூடாது என்றானது. எனவே கடைசி மூன்று இலக்கங்களும் அவற்றை அடுத்து வரும் எழுத்தும் மட்டும் கேட்பது வழக்கமாயிற்று. அதிர்ஷ்டக் குலுக்கல் முதல் வருகைப் பதிவு வரை. ஏழு இலக்கங்களில் நான்கு மறைந்திருக்கிறதே, பத்தாயிரம் சாத்தியங்களாயிற்றே என்று நிம்மதியாக இருந்தோம். கட்டத்தைப் போட்டுப் பாருங்கள். 1968 முதல் இங்கே பிறந்தவர்களுக்கு முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். ஆண்டு தெரிந்தால் பத்தாயிரம் நூறாகிறது. கடைசி எழுத்து அலங்காரத்துக்கு வைத்ததன்று. ஒவ்வோர் இலக்கத்தையும் ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கிக் கூட்டி, பதினொன்றால் வகுத்து வரும் மீதிதான் அந்த எழுத்தைத் தீர்மானிக்கிறது. எழுதும்போது இலக்கம் பிசகினால் கண்டுபிடிக்க வைத்த ஏற்பாடு அது. அதே எழுத்து இங்கே துப்பாக மாறி, நூறு சாத்தியங்களில் தொண்ணூறுக்குக் குறையாமல் அடித்துவிடுகிறது. மிஞ்சுவது ஒன்பது, சில நேரம் பத்து. பிறந்த ஆண்டையோ எழுத்தையோ கொடுத்தவர் எவரும் மறைந்திருந்த இலக்கம் இது என்று ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

2024 டிசம்பரில் இது ஊர்ப் பேச்சானது. நிறுவனப் பதிவுகளைக் கவனிக்கும் அக்ராவின் புதிய பிஸ்ஃபைல் தளத்தில் ஒருவரின் பெயரைத் தேடினால் முழு அடையாள எண்ணும் வந்து நின்றது. மக்கள் கொதித்தபோது மின்னிலக்க மேம்பாடு, தகவல் அமைச்சு, பாதி மறைத்த எண்ணிலிருந்து, குறிப்பாகப் பிறந்த ஆண்டும் தெரிந்தால், முழு எண்ணை ஊகிப்பது எளிது, ஆகவே மறைப்பதால் பெரிய பயனில்லை என்று விளக்கியது. கணக்குப்படி அமைச்சு சொன்னது சரி. அதிலிருந்து முழு எண்ணையே காட்டிவிடலாம் என்று போவது மட்டும் சரியில்லை: ஒன்பது பேரில் ஒருவராக இருப்பதும் விரல் நீட்டிக் காட்டப்படுவதும் ஒன்றாகாது, கடைசித் துப்புதான் எப்போதும் விலை கூடியது. அரசு பிறகு மன்னிப்புக் கேட்டது. எண்ணை ஒருவரின் பெயரைப் போல அடையாளம் காட்ட மட்டும் பயன்படுத்த வேண்டும், ஆள் அவர்தானா என்று உறுதிசெய்யும் சாவியாக ஆக்கக் கூடாது என்று வலியுறுத்தியது. 2025 ஜூனில் நிறுவனங்களுக்கு வந்த அறிவுறுத்தல் இன்னும் ஒரு படி போய், முழு எண்ணையோ அதன் பகுதியையோ, பிறந்த தேதியோடு சேர்த்துக்கூட, கடவுச்சொல்லாக வைப்பதைக் கூடிய விரைவில் நிறுத்தச் சொன்னது. மின்னஞ்சலில் வரும் காப்புறுதி அறிக்கையைத் திறக்கப் பிறந்த தேதியையும் எண்ணின் கடைசி நான்கு குறிகளையும் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு இனி வேறு ஏற்பாடு வர வேண்டும்.